தர்மசங்கடம் யாருக்கும் சொந்தமில்லை, எழுதிய காட்சிதான் சொந்தம்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சார், டிவிக்காக 45 நிமிட அறிவியல் புனைகதை ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். இன்றைய கோலாலம்பூர் இளைஞன் ஒருவன் 1943-க்குப் போய்விடுகிறான். தோட்டத்தில் ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பட்டியலில் அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயர் இருக்கிறது. அதை அழித்தால் பக்கத்து வீட்டுப் பையன் போக வேண்டும். அந்தப் பையனின் வம்சத்தில் வந்தவள்தான் நாயகனின் மனைவி. இது ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க டிவி தொடரில் வந்த கதை, கேஸ் போட்டுவிடுவார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார். 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் காப்பிரைட் எடுத்துத் தருகிறேன், அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது என்கிறார் ஒரு ஏஜெண்டு. கட்டட்டுமா?"

கட்டாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன், முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

நண்பர் சொல்லும் எபிசோடை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1967 ஏப்ரல் 6-ல் ஒளிபரப்பான 'த சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்', எழுதியவர் ஹார்லன் எலிசன். கேப்டன் கர்க் 1930-களின் நியூயார்க்குக்குப் போய், ஏழைகளுக்குச் சோறு போடும் ஈடித் கீலர் என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவள் சாலை விபத்தில் சாக வேண்டியவள். பிழைத்தால் அவளுடைய சமாதான இயக்கத்தால் அமெரிக்கா போரில் இறங்குவது தள்ளிப்போகும், ஜெர்மனி முதலில் அணுகுண்டு செய்து ஜெயித்துவிடும். கடைசியில் லாரி வருகிறது, காப்பாற்றப் பாயும் நண்பன் டாக்டர் மெக்காயைக் கர்க்கே இறுகப் பிடித்து நிறுத்துகிறான்.

நெஞ்சைப் பிசையும் கதைதான். ஆனால் 'பிரியமானவரைக் காப்பாற்றுவதா, மற்றவர்களைக் காப்பாற்றுவதா' என்ற தர்மசங்கடம் எலிசனுக்கும் சொந்தமில்லை, அதை எடுத்த கம்பெனிக்கும் சொந்தமில்லை. கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். நம் மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவிலேயே, யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறது. எழுதி வைத்த வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு, அதாவது காட்சி, வசனம், பாத்திரம், சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை. காலப்பயணம் செய்யும் நாயகன், மாற்றக்கூடாத கடந்த காலம், இதெல்லாம் பொதுக்கிணறு.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, அதையும் நிறையப் பேர் செய்கிறார்கள். 'அது அமெரிக்கக் கதை, பழசு, மலேசியாவில் யார் கேட்கப்போகிறார்கள்' என்பார்கள். ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளும் பாதுகாக்க வேண்டும் என்கிற பெர்ன் ஒப்பந்தத்தில் 1990-லேயே நாம் சேர்ந்துவிட்டோம். எழுத்துக்குப் பாதுகாப்பு எழுதியவர் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும். எலிசன் காலமானது 2018-ல்தான்.

நீங்கள் அனுப்பிய பிரதியை முழுக்கப் படித்தேன். இரண்டு இடம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் 12-ஆம் காட்சியில் பத்துமலைக் குகைக்குள் வளையமாக நிற்கும் பாறை ஒன்று பேசுகிறது, அது வழியாகத்தான் நாயகன் 1943-க்குப் போகிறான். அந்த எபிசோடிலும் பேசும் கல் வளையம்தான் காலத்தின் வாசல். இதை எடுத்துவிடுங்கள். அடுத்து 31-ஆம் காட்சி. ஜப்பானிய லாரி கிளம்பும்போது நாயகன் தன் நண்பனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறான், 'நீ என்ன செஞ்சேன்னு தெரியுமாடா உனக்கு?' என்று நண்பன் கேட்கிறான், பக்கத்தில் நிற்பவர் 'அவனுக்குத் தெரியும்' என்கிறார். இது அந்த எபிசோடின் முடிவேதான். நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள், எப்போதோ பார்த்தது மனதில் தங்கியிருக்கும், ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லி ஒரு காட்சியைக் காப்பாற்ற முடியாது.

இந்த இரண்டையும் மாற்றிவிட்டால் மிச்சமெல்லாம் உங்களுடையது. அதுவும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் மேசையில் நாயகன் அழிரப்பரை எடுத்து, பெயரின் முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, பக்கத்து லயத்திலிருந்து அந்தப் பையன் சிரிக்கிற சத்தம் கேட்டுக் கையை எடுக்கிறானே, அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, ஏஜெண்டு விஷயம். மலேசியாவில் காப்பிரைட்டை யாரும் 'எடுத்துத் தர' வேண்டியதில்லை. சொந்த உழைப்பில் எழுதி, தாளிலோ கம்ப்யூட்டரிலோ பதிந்த அந்த நிமிடமே உரிமை வந்துவிடும். 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ-வில் விருப்ப அறிவிப்பு என்று ஒரு பதிவேடு இருக்கிறது, விரும்புகிறவர்கள் படைப்பை அதில் பதியலாம். நாளைக்குத் தகராறு வந்தால் அது முதல்கட்டச் சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான் அதன் பலன். பெயரிலேயே 'விருப்ப' என்று இருக்கிறது. அதற்கு வேண்டியது விண்ணப்பம், படைப்பின் பிரதி, சத்தியப் பிரமாண ஆணையர் (கமிஷனர் ஃபார் ஓத்ஸ்) முன்னால் கையெழுத்திட்ட ஒரு சத்தியப் பிரமாணம், நம் ஊரில் சுராட் சும்பா என்கிறோமே அது. நீங்களே செய்யலாம். அரசுக் கட்டணம் அந்த 1,800-க்குப் பக்கத்தில்கூட வராது. 'யாரும் வாயைத் திறக்க முடியாது' என்பது முழுப் பொய். அடுத்தவர் காட்சியை எடுத்திருந்தால் பத்துச் சான்றிதழ் இருந்தாலும் கேஸ் வரும்.

ஒரு பெரியவர் என்னிடம் கொண்டுவந்த 'காப்பிரைட் சான்றிதழை' என்னால் மறக்க முடியவில்லை. தங்க நிறக் கரை, சிவப்பு முத்திரை, கீழே ஏஜெண்டின் சொந்தக் கம்பெனி பெயர். ஓய்வுப் பணத்திலிருந்து கட்டியிருந்தார். இந்த ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? விண்ணப்பப் பாரமும் விளக்கமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, தமிழில் எழுதுகிறவன் தமிழில் படித்துப் புரிந்துகொள்ள ஒரு பக்கம் போட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பல வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு அதுதான் உண்மையான கவலை. எழுதியவருக்கே உரிமை என்பது பொது விதி, ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, தமிழ் எழுத்தாளர்கள் வரிசையாக அதில்தான் விழுகிறார்கள். ஒருவர் 'எனக்கு எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டு நீங்கள் எழுதினால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை கேட்டவருக்கே மாறிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். திரும்பப் படியுங்கள். நீங்களாக எழுதி வைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் அது உங்களுடையது, எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அவருக்குப் போகும். அவர் ஃபோன் போட்டு 'ஒரு எபிசோடு எழுதுங்கம்மா, 3,000 வெள்ளி தர்றேன்' என்று சொன்ன பிறகு எழுதினால் அது அவருடையது. அதே கதை, அதே உழைப்பு, எது முதலில் நடந்தது என்பதுதான் வித்தியாசம். இதைவிடச் சிக்கல், உங்கள் முதல் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு 'இங்கே மாத்துங்க, அங்கே மாத்துங்க' என்று இரண்டாம் பிரதி எழுத வைப்பது. அந்த இரண்டாம் பிரதி நாங்கள் கேட்டு எழுதியது என்று பின்னால் வாதாடுவார்கள். பேனா பிடித்தவரைப் பின்வரிசையில் உட்கார வைக்கும் சட்டம் இது, மாற்றச் சொல்லிக் கேட்கவும் நமக்கு ஆளில்லை. மாற்றும்வரை நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எலிசனுக்கே என்ன நடந்தது தெரியுமா? அவருடைய திரைக்கதையை மற்றவர்கள் திருத்தி எழுதித்தான் எடுத்தார்கள். அவர் முதலில் எழுதியதற்கு அமெரிக்க எழுத்தாளர் சங்க விருது கிடைத்தது, ஒளிபரப்பானதற்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. அப்படியும் அந்த எபிசோடை வைத்து வந்த புத்தகங்கள், பொருள்களின் வருமானத்தில் பங்கு கேட்டு 2009-ல், 42 வருடம் கழித்து, அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டே சமரசமானது. பலமான சங்கத்தில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் கதையே இது.

அதனால் தயாரிப்பாளரைப் பார்க்கப் போகும் முன் 12, 31 இரண்டையும் திருத்திவிட்டு, முழுப் பிரதியையும் தேதியோடு உங்கள் இமெயிலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள், சுராட் சும்பாவும் செய்துவிடுங்கள். அவருக்கு அனுப்பும்போது மேலே இப்படி எழுதுங்கள்: 'இந்தத் திரைக்கதையை இன்ன தேதியில் நானாக எழுதி முடித்தேன், யாருடைய வேண்டுகோளின்பேரிலும் எழுதவில்லை. இதில் நான் செய்யும் திருத்தங்கள் உட்பட எல்லா உரிமையும், எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை, என்னுடையது.' வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம், எழுத்தாக அனுப்புங்கள். திருத்தம் கேட்டால் எழுதத் தொடங்கும் முன், மேலே சொன்னதற்குச் சம்மதம் என்று அவரிடமிருந்து பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையில் வைத்து ஒரு தாளை நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.