இரண்டாவது சாம்பல் பை

ஐயா,

நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஒரு பால்வினை நோய் கிளினிக்கின் பழைய பதிவேடுகளை எண்ணினேன். ஆண்களே மிக அதிகம். வைரஸால் வரும் ஹெர்பிஸும் மருவும் முன்னால் நிற்கின்றன, பாக்டீரியாவால் வரும் கொனோரியா அபூர்வம். 'பெண்களுக்கு இந்நோய்கள் குறைவு, பாக்டீரியா நோய்கள் ஒழிந்து வருகின்றன' என்று முடிவெழுதலாமா? அட்டவணைக்கு வட்டப்படமா, பட்டைப்படமா? உங்கள் பேத்தி வயதுதான் எனக்கு, 'நீ' என்றே எழுதுங்கள்.

மக்ளே,

படம் எதையாவது போடு. முடிவை அடித்துவிடு.

வெட்டை, அதாவது கொனோரியா, வந்தவன் முதலில் போவது மெடிக்கல் ஸ்டோருக்கு. அந்த மாத்திரையில் சீழ் நின்றால் உன் பதிவேட்டுக்கு வரவே மாட்டான். மரு மாத்திரைக்கு அடங்காது, அதனால் வருகிறான். ஹெர்பிஸ் திரும்பத் திரும்பப் பொரியும். ஒரே ஆள் மூன்று தடவை வந்தால் மூன்று வரி. புதிது, மறுவருகை என்று பிரித்தாயா? மார்த்தாண்டத்தில் பஸ் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கினால் முகம் தெரிந்தவர் இல்லை. அப்படிப் போனவரும் உன் கணக்கில் இல்லை. சில பாக்டீரியா நோய்கள் குறைந்தது உண்மைதான், பிறப்புறுப்பில் புண் வரும் சாங்க்ராய்டைப் பார்ப்பதே அரிது. 'ஒழிந்து' எங்கிருந்து வந்தது?

சிபிலிஸுக்கான முதற்கட்ட ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல்.-இல் 'ரியாக்டிவ்' என்று வந்த எல்லாவற்றையும் சிபிலிஸ் என்று கூட்டியிருக்க மாட்டாய் என நம்புகிறேன். 1:2 என்ற குறைந்த அளவு எப்போதோ ஆறிய நோயின் மிச்சமாகவும் இருக்கலாம், வேறு காரணத்தாலும் வரலாம். உறுதிசெய்ய டி.பி.எச்.ஏ. பரிசோதனை வேண்டும்.

கோபம் வருவது பெண்களைப் பற்றிய வரியில். கொனோரியா தொற்றிய ஆணுக்குச் சில நாளிலேயே எரியும், சீழ் வரும், ஓடி வருவான். பெண்ணுக்குக் கருப்பை வாயில் இருக்கும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. கருக்குழாய் வரை ஏறி அடைத்தபின், 'குழந்தை இல்லை' என்று வேறு ஓ.பி.யில் வரிசையில் நிற்பாள். அந்தச் சீட்டுக்கும் உன் பதிவேட்டுக்கும் தொடர்பே கிடையாது. அதற்காக வெள்ளைப்படுதல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளவும் கூடாது. கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று பால்வினை நோய்க் கணக்கில் வராது.

சீழோடு வரும் புருஷனுக்குக் கொடுப்பது கிட் 1 என்ற மருந்துப் பொட்டலம், சாம்பல் நிறப் பை: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. மனைவியையும் அழைத்துவந்து, அலர்ஜி கேட்டு, அவளுக்கும் அதையே கொடுக்க வேண்டும். இருவரும் 7 நாள் சேரக்கூடாது. நடப்பது என்ன? அவளைக் கூட்டிவர வெட்கம், இரண்டாவது பையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். 'எனக்கு எதுக்கு மாத்திரை?' என்று அவள் கேட்டால் சொல்லப் பதில் இல்லை. கடைசியில் அது பைக்கின் பெட்டியிலேயே கிடக்கும். பத்து நாளில் மறுபடி சீழ். பதிவேட்டில் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி ஏறும். அவனுக்கு மருந்து வேலை செய்ததுதான் மக்ளே, அவள் விழுங்கவில்லை, அவளிடமிருந்து மறுபடி தொற்றிவிட்டது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவனென்றால் மறுவருகையும் இல்லை. உன் அட்டவணையில் அவன் 'குணமானவன்'.

நோயாளி அட்டையில் இணையருக்குச் சிகிச்சை தரப்பட்டதா என்று எழுத இடம் இருக்கும். திரும்பப் போய் அதை எண்ணு. காலியாக விட்டிருந்தால் 'இல்லை' என்று நிரப்பாதே, காலி என்றே எழுது.