கதவில் ஒட்டிய காகிதம்: நாளை எங்கிருந்து எண்ணுவது?

கேள்வி: எங்கள் வீடு கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். 2016-ல் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து பொள்ளாச்சியில் ஒரு வங்கிக் கிளையில் 11 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். இடம் மாமியார் பெயரில் இருப்பதால் ஆதாரத்தை (சொத்துப் பத்திரத்தை) அவர்தான் அடமானம் வைத்தார். இரண்டு வருஷமாக வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறோம். ஏழு மாதத் தவணை கட்ட முடியவில்லை. ஊரில் மாமியார் மட்டும் இருக்கிறார், தமிழ் மட்டும்தான் வாசிப்பார். 16 நாளுக்கு முன் வங்கி ஆட்கள் கதவில் இங்கிலீஷ் காகிதம் ஒன்றை ஒட்டி, போட்டோ எடுத்துப் போனார்களாம். 8,64,000 ரூபாய் பாக்கி என்று அதில் இருக்கிறது. மலையாளப் பேப்பரிலும் வந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் எங்களுக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை. முன்பொரு நாள் தபால்காரர் வந்தபோது, 'மகன் ஊரில் இல்லை' என்று மாமியார் திருப்பி அனுப்பியிருக்கிறார். நோட்டீஸ் தராமல் வீட்டை எடுக்க முடியுமா? கேஸ் போட எர்ணாகுளம்தான் போக வேண்டுமா?

பதில்: அம்மா, முதலில் அந்தக் காகிதத்தின் தலைப்பை மாமியாரிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவில் ஒட்டிப் பேப்பரிலும் போடுகிற நோட்டீஸ் 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தில் (அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) ஒன்றுக்கு மேல் உண்டு. இரண்டைக் குழப்பிக்கொண்டு நாளைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

'13(2)' என்று இருந்தால் அது டிமாண்ட் நோட்டீஸ். முழுப் பாக்கியையும் கட்ட 60 நாள் தருகிறோம் என்று சொல்லும். '13(4)', 'பொசஷன் நோட்டீஸ்', 'அப்பெண்டிக்ஸ் 4' என்று இருந்தால் அது சுவாதீன அறிவிப்பு. 60 நாளும் முடிந்துவிட்டது, வீட்டை எங்கள் சுவாதீனத்தில் எடுத்துவிட்டோம், இந்தச் சொத்தை யாரும் வாங்க விற்க வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரிக்கும் வாசகம் அதில் இருக்கும். ஆள் குடியிருக்கும்போதே எப்படி எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அது காகித அளவிலான சுவாதீனம். பூட்டை உடைக்கும் வேலை பின்னால் வரும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சுவாதீன அறிவிப்பாகத்தான் தெரிகிறது. அப்படியானால் 17-ம் பிரிவில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு (டி.ஆர்.டி.) போக 45 நாள்தான். 16 போய்விட்டது, மிச்சம் 29. இதை நீங்கள் வாசிக்கும்போது இன்னும் குறைந்திருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம் என்று யாராவது சொன்னால், அதை நம்பி நாளைத் தள்ளாதீர்கள்.

இனி 'வரவில்லை' என்கிற விஷயம். கோர்ட்டில் அந்தச் சொல்லுக்குத் தனியாக மதிப்பில்லை. எந்த முகவரிக்கு, யார் பெயருக்கு, எந்த வழியில் அனுப்பினார்கள், உறை என்ன குறிப்போடு திரும்பியது என்றுதான் பார்ப்பார்கள். டிமாண்ட் நோட்டீஸ் எப்படிப் போக வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2002-ம் வருஷத்து விதிகளில் 3-ம் விதி சொல்கிறது. கடன்காரர் (கடன் வாங்கியவர்) உண்மையில் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், கூரியர், இமெயில் போன்ற வழிகளில் போக வேண்டும். அவர் வாங்காமல் தட்டிக் கழிக்கிறார் அல்லது அவரிடம் சேர்க்க வழியில்லை என்று வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே, கதவில் ஒட்டி, இரண்டு முன்னணிப் பத்திரிகைகளில் வெளியிடலாம். அதில் ஒன்று வட்டார மொழியில், அந்தப் பகுதியில் ஓடும் பத்திரிகையாக இருக்க வேண்டும்.

உங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பேப்பரும் விற்கிறது, மலையாளப் பேப்பரும் விற்கிறது. மலையாளத்தில் போட்டதால் செல்லாது என்ற வாதம் எடுபடாது என்பது என் கணிப்பு. நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது என்பதும் அப்படியே. வட்டார மொழி வேண்டும் என்று விதி சொல்வது பத்திரிகை வெளியீட்டுக்குத்தான்.

உங்கள் பக்கம் பலம் வேறு இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, திருப்பூர் முகவரி. குடிபெயர்ந்ததை வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ, கே.ஒய்.சி. புதுப்பித்தபோது திருப்பூர் முகவரிச் சான்று கொடுத்திருந்தாலோ, அது தெரிந்தும் ஊர் வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிட்டு 'ஆள் அகப்படவில்லை' என்று வங்கி சொல்வது சிரமம். ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் கடன் பத்திரத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பியதே போதும் என்று வாதிடுவார்கள், அது பெரும்பாலும் நிற்கும். சரியான முகவரியிட்டுத் தபால் செலவு கட்டி அனுப்பிய பதிவுத் தபால் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று பொதுச் சட்டக் கூறுகள் சட்டத்தின் 27-வது பிரிவு அனுமானிக்கிறது. 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால் சேர்ந்த கணக்குதான். எல்லைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பஞ்சாயத்து வார்டு பிரிப்பு மாறினால் வீட்டு எண்ணும் மாறிவிடும். ஆதாரத்தில் ஒன்று, கடன் பத்திரத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்று மூன்று எண் இருந்தால் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, மாமியார். இதுதான் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது. சொத்தை அடமானம் வைத்தவரும் ஜாமீன் போட்டவரும் இந்தச் சட்டத்தின் கணக்கில் 'கடன்காரர்' தான். கடன்காரர் ஒருவருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டிமாண்ட் நோட்டீஸ் சேர வேண்டும். தபால்காரர் கொண்டுவந்தது மகன் பெயருக்கு மட்டுமா, மாமியார் பெயரிலும் ஓர் உறை இருந்ததா? அவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார், 'அகப்படவில்லை' என்று அவர் விஷயத்தில் சொல்ல முடியாது. அவர் பெயருக்கு நோட்டீஸே போகவில்லை என்றால் அது வலுவான குறை. அவர் பெயருக்கு வந்த உறையையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்பினார் என்றால் கதை மாறிவிடும். அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். மனுவில் ஒன்று எழுதி, ஒப்புகை அட்டையில் அவர் கையெழுத்து இருந்துவிட்டால் மற்ற வாதமும் சேர்ந்து போய்விடும்.

இந்தத் தடயங்களை வங்கியிடமிருந்தே வாங்க வேண்டும். கிளை மேலாளருக்கும் நோட்டீஸில் கையெழுத்திட்ட அலுவலருக்கும் இன்றே எழுதுங்கள். 13(2) நோட்டீஸ் நகல், மூவர் பெயரிலும் அனுப்பிய தபால் ரசீது, ஒப்புகை அட்டை அல்லது திரும்பிய உறை, ஒட்டியபோது எடுத்த போட்டோ, இரண்டு பத்திரிகைகளின் முழுப் பக்கம், கடன் கணக்கு விவரம், இவ்வளவும் கேளுங்கள். தபால் எண் கிடைத்தால் இணையத்தில் அதன் போக்கைப் பார்த்துப் படமெடுத்து வையுங்கள், அந்த விவரம் ரொம்ப நாள் இருக்காது. பதில் வரட்டும் என்று மனுவைத் தள்ளிப் போட வேண்டாம், நகல்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

சுவாதீன அறிவிப்பிலும் பார்க்க வேண்டியது உண்டு. அதைக் கடன்காரருக்கும் கொடுக்க வேண்டும், சொத்திலும் ஒட்ட வேண்டும். சுவாதீனம் எடுத்த 7 நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். 13(2) தேதிக்கும் இதற்கும் நடுவில் 60 நாள் முழுதாக ஓடியிருக்கிறதா? சர்வே எண்ணும் பரப்பும் நாலு எல்லையும் வில்லேஜ் ஆபிஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு பொருந்துகிறதா? அடமானம் செர்சாய் என்கிற மத்திய அடமானப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? 2020 ஜனவரி 24 முதல் அந்தப் பதிவு இல்லாமல் இந்தச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க முடியாது. சுற்றித் தென்னை இருக்கிறது, விவசாய நிலத்தில் இந்தச் சட்டம் செல்லாதே என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் விவசாயம் நடப்பதை நீங்கள் காட்ட வேண்டும். வில்லேஜ் ரிகார்டில் 'நிலம்' (வயல்) என்று கிடப்பது மட்டும் போதாது. வீட்டுக் கடனுக்கு வீட்டையே காட்டிவிட்டு இதைப் பேசுவது கஷ்டம்.

எங்கே போடுவது? 2016 திருத்தத்தில் வந்த 17(1அ) பிரிவின்படி சொத்து இருக்கும் இடம், கடன் கணக்கு உள்ள கிளை, வழக்குக்கான காரணம் எழுந்த இடம், இவற்றில் ஏதாவது ஒன்று எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போடலாம். வீட்டை வைத்து எர்ணாகுளம், பொள்ளாச்சிக் கிளையை வைத்து கோயம்புத்தூர். உங்கள் ஊருக்குக் கோயம்புத்தூர் பக்கம், தமிழில் பேசிப் புரியவைக்கலாம். நானாக இருந்தால் அங்கேதான் போடுவேன். 10 லட்சத்துக்குக் குறைந்த பாக்கிக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும், அதன் பகுதிக்கும் 500 ரூபாய் கட்டணம். 8,64,000-க்கு 4,500 ஆகும். மனுப் போட முன்பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் இடைக்காலத் தடை கேட்டால் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டு என்று தீர்ப்பாயம் நிபந்தனை போடுவது வழக்கம். கையில் எவ்வளவு புரளும் என்று இப்போதே பாருங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் தவணை போட்டுக் கொடுப்பார்கள் என்று யாராவது சொல்வார்கள். கேரளத்தில் ஒரு காலத்தில் அப்படி நடந்தது. தீர்ப்பாயம் இருக்க ரிட் எதற்கு என்று 2023-ல் சவுத் இந்தியன் பேங்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்துவிட்டது. சித்தூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்பதும் வீண் அலைச்சல், 34-வது பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது.

வங்கி அடுத்ததாக 14-ம் பிரிவில் பாலக்காடு தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். அங்கே உங்களைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். உத்தரவு ஆனதும் கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் போலீஸோடு வந்து வீட்டை ஒப்படைக்கச் சொல்வார். ஏலத்துக்கு முன் உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், பத்திரிகையிலும் போட வேண்டும், சொத்திலும் ஒட்ட வேண்டும். முதல் ஏலம் போகாமல் மறுபடி வைத்தால் 15 நாள் போதும். அந்த ஏல அறிவிப்பு வெளியாகும் தேதியை மட்டும் தாண்ட விடாதீர்கள். பாக்கி முழுதும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை அதற்கு முந்தின நாளோடு போய்விடுகிறது. 13(8) பிரிவை 2016-ல் திருத்தியதன் விளைவு அது, 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்துவிட்டது. அதற்குப் பிறகு பணத்தோடு ஓடி வந்து கிளை வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

நோட்டீஸில் ஓட்டை கண்டுபிடித்து ஜெயித்தாலும் கடன் எங்கேயும் போகாது, வங்கி புதிதாக 13(2) அனுப்பி முதலிலிருந்து வரும். உங்களுக்குக் கிடைப்பது சில மாதம். அதற்குள் ஒன் டைம் செட்டில்மெண்ட் (ஒரு தொகை பேசிக் கடனை முடிப்பது) பேசுங்கள், அல்லது வங்கியின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு நீங்களே விற்கப் பாருங்கள், ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கலாம். சம்மதம் இல்லாமல் விற்பதும் வாடகைக்கு விடுவதும் 13(13)-ல் தடை. செட்டில்மெண்ட் பேச்சு நடப்பதால் 45 நாள் நிற்காது. மேலாளர் வாயால் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு ரசீதோடு வீட்டுக்குப் போகவும் வேண்டாம், கடிதமாக வாங்குங்கள்.

இனி தபால்காரர் வந்தால் தன் பெயருக்கு வரும் எதையும் மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும், அன்றே உங்களுக்குப் படம் அனுப்பட்டும். கதவுக் காகிதத்தைக் கிழிக்க வேண்டாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். மனுவில் அவர் கையெழுத்தும் வேண்டும்.