மீட்டர் லீன், பிளக் கறுப்பு

அன்புள்ள ஐயா,

அப்பா ஓட்டிய மாருதி எஸ்டீம் காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். வண்டியின் பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் (இசியூ) போய்விட்டதால் மெகாஸ்கர்ட் இசியூ போட்டு, லேப்டாப்பில் நானே டியூன் செய்கிறேன். ஐடில் 850-ல் நிற்கிறது, ஆனால் காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 17 காட்டுகிறது, அதாவது லீன், பெட்ரோல் குறைவு. இசியூவின் பெட்ரோல் டேபிளில் 25 சதவீதம் பெட்ரோல் ஏற்றியும் 16-க்குக் கீழே வரவில்லை. பிளக் கறுத்துப்போகிறது, பெட்ரோல் வாடை கண்ணை எரிக்கிறது. ரேஸ் கொடுத்தால் கரும்புகை. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமா? இன்ஜெக்டரை மாற்றவா? அல்லது விலை கூடிய இசியூவாக வாங்கிவிடலாமா?

ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள தம்பி,

ஒரு வாரமாக எனக்கும் இதே நினைப்புதான். பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு ஸ்கேனரில் பி0171 வந்தது, லீன் என்று அர்த்தம். ஆக்ஸிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஓட்டை. அந்த எரிச்சல் தீருவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

இ20-ஐ விடுங்கள். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எத்தனை பங்கு காற்று வேண்டும் என்றால், எடைக் கணக்கில் சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, இ10-க்கு 14.1, இ20-க்கு சுமார் 13.5. இ10-லிருந்து இ20-க்கு மாறினால் நாலு சதவீத வித்தியாசம். நீங்கள் 25 ஏற்றியிருக்கிறீர்கள். இன்ஜெக்டரும் அப்படித்தான். அடைத்திருந்தால் கரும்புகை எங்கிருந்து வரும்?

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளக் கறுப்பு என்கிறது, மூக்கு பெட்ரோல் என்கிறது, கண் எரிகிறது. மூன்று சாட்சியையும் தள்ளிவிட்டு மீட்டர் சொன்னதை மட்டும் நம்பியிருக்கிறீர்களே, அது ஏன்? எண்ணாகக் காட்டுகிறது என்பதாலா?

அந்த மீட்டருக்குச் சேதி சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. 1976-ல் வோல்வோ கார்களில் பாஷ் சென்சார் வந்த நாள் முதல் இன்றுவரை அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன். அது எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட, ஐடிலில் ஒரு புகைத்துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். மீட்டர் உடனே லீன் என்று கத்தும். ரேஸ் கொடுத்தால் உள்ளழுத்தம் கூடிவிடும், வெளிக்காற்று அவ்வளவாக நுழையாது. நீங்கள் அள்ளிக்கொட்டிய பெட்ரோல் அப்போதுதான் கரும்புகையாக வருகிறது.

மிஸ்ஸிங்கும் இதே பொய்யைச் சொல்லும். ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாவிட்டால் எரியாத காற்றும் எரியாத பெட்ரோலும் சேர்ந்தே வெளியே போகும். சென்சார் பெரும்பாலும் காற்றைத்தான் கணக்கில் எடுக்கும். நீங்கள் பெட்ரோலைக் கூட்டுகிறீர்கள், பிளக் நனைகிறது, இன்னும் மிஸ்ஸிங் ஆகிறது, மீட்டர் இன்னும் லீன் காட்டுகிறது. தாகம் என்று உப்புத்தண்ணீர் குடிக்கிற கதை. மீட்டரைப் பார்த்துத் தானே டேபிளைத் திருத்தும் ஆட்டோ டியூனை லேப்டாப்பில் ஓடவிட்டிருந்தால் அதுவும் இதையேதான் இன்னும் வேகமாகச் செய்திருக்கும்.

இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் ஏர் பிடிக்கிறது என்று யாராவது சொல்வார்கள். உங்கள் இசியூ இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் கொடுப்பது. அங்கே ஏர் பிடித்தால் அழுத்தம் ஏறும், அதுவும் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும், ஐடில்தான் எகிறும். உங்களுக்கு 850-ல் நிற்கிறது. சரி, அதுவும் இல்லை.

எனக்குப் பதினேழு வயதில் காந்திபுரம் பக்கத்தில் பெரியப்பாவின் பட்டறையில் வேலை. ஊட்டி டாக்ஸி ஒன்று வந்தது, அம்பாசடர். மேட்டுப்பாளையம் போவதற்குள் விக்கி விக்கி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது என்றார் டிரைவர். பெரியப்பா வெளியூர் போயிருந்தார். பெட்ரோல் பத்தவில்லை என்று நானே முடிவு கட்டி, கார்ப்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டின் துளையை ஊசி விட்டுப் பெரிதாக்கினேன். மறுநாளும் நின்றது. இன்னும் பெரிதாக்கினேன்.

பெரியப்பா வந்தார். ஓடவிட்டு, நின்ற இடத்தில் இறங்கிப் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் சிந்துகிறதென்று, டிரைவர் சைக்கிள் ட்யூப் ரப்பரை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்திருந்தார். மூடியில் காற்று போக வேண்டிய துளை அடைத்து, டேங்கே பெட்ரோலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பரை எடுத்ததும் வண்டி நிற்காமல் ஓடியது. ஆனால் கரும்புகை! பெட்ரோலைக் குடித்தது. ஒரு கோளாறோடு வந்த வண்டிக்கு இன்னொன்றையும் சேர்த்து அனுப்பப் பார்த்தேன். புது ஜெட்டின் விலையை என் கூலியில் பிடித்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

உங்கள் டேபிளும் இப்போது ஊசி விட்ட ஜெட்தான். 25 ஏற்றுவதற்கு முன்னாலிருந்த பழைய டேபிளையே ஏற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவரை ஈரச் சாக்கால் சைலன்சர் வாயைச் சில நொடி பொத்தச் சொல்லிவிட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் காதை வையுங்கள். டிக் டிக் என்று கேட்கிறதா, அது இன்ஜினோடு சேரும் ஃபிளாஞ்சில் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியும் ஐடில் இறங்கவில்லையோ, அந்த சிலிண்டர் வேலையே செய்யவில்லை. ஆயில் ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே ஆயில் மாற்றுங்கள். சிலிண்டரைக் கழுவிக்கொண்டு இறங்கும் பெட்ரோல் பேரிங்கைத் தின்றுவிடும். அப்பா வண்டிக்கு அது வேண்டாம்.

விலை கூடிய இசியூ வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். கேஸ்கெட் மாற்ற வேண்டி வந்தால் மேனிஃபோல்ட் நட்டுகளை அவசரமாகத் திருகாதீர்கள். அத்தனை வருடம் வெந்து துருப்பிடித்தவை, ஸ்டட்டோடு உடைந்து வரும். முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.