கணினிக் கேள்வி பதில்: மேக்கில் கன்ட்ரோல் சி எங்கே போனது?

பல வருடமாக விண்டோஸ்தான். இப்போது அலுவலகத்தில் மேக்புக் கொடுத்திருக்கிறார்கள். கன்ட்ரோல் சி அடித்தால் எதுவும் காப்பி ஆவதில்லை. எப்படிப் பழகுவது? – வாசகி, கோவை

விண்டோஸில் கன்ட்ரோல் செய்யும் வேலையை மேக்கில் ஸ்பேஸ்பாருக்குப் பக்கத்தில் இருக்கும் கமாண்ட் செய்கிறது. சி, வி, எக்ஸ், இசட், ஏ, எஸ், பி, எஃப் எல்லாமே கமாண்டோடுதான். எழுத்துகளை நீங்கள் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மாற வேண்டியது விரல். கன்ட்ரோலுக்குச் சுண்டுவிரல் போகும், கமாண்டுக்குக் கட்டைவிரலைப் பழக்குங்கள். மேக்கில் கன்ட்ரோலும் இருக்கிறது, அதற்கு வேறு வேலை என்பதுதான் குழப்பம். எல்லாவற்றையும் தேர்வு செய்ய நினைத்து கன்ட்ரோல் ஏ அடித்தால் கர்சர் பத்தியின் தொடக்கத்துக்கு ஓடிவிடும். கன்ட்ரோல் கே அடித்தாலோ, கர்சருக்கு வலப்பக்கம் அந்தப் பத்தியின் முடிவு வரை உள்ளது அழிந்துபோகும். பதறாமல் கமாண்ட் இசட் அடியுங்கள், திரும்பி வரும்.

எழுத்தும் மாறும் இடங்கள் சில உண்டு. ரத்து செய்ததைத் திரும்பக் கொண்டுவரும் ரீடூ விண்டோஸில் கன்ட்ரோல் ஒய், மேக்கில் கமாண்ட் ஷிஃப்ட் இசட். சொல் சொல்லாகத் தாவ, கன்ட்ரோலுக்குப் பதில் ஆப்ஷனோடு அம்புக்குறி. ஹோம், எண்ட் விசைகளுக்குப் பதில் கமாண்டோடு இடது, வலது அம்பு. மேக்புக்கில் டெலீட் என்று எழுதியிருப்பது உண்மையில் பேக்ஸ்பேஸ். கர்சருக்கு வலப்பக்கம் இருப்பதை அழிக்க எஃப்என் டெலீட். சிவப்புப் புள்ளியைச் சொடுக்கினால் பெரும்பாலான செயலிகளில் ஜன்னல்தான் மூடும், செயலி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முழுக்க மூட கமாண்ட் க்யூ, ஜன்னலை மட்டும் மூட கமாண்ட் டபிள்யூ. இந்த இரண்டு எழுத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது விசைப்பலகை செய்த சதி.

விண்டோஸ் கீபோர்டை மேக்கில் செருகினால் விண்டோஸ் விசை கமாண்டாகவும், ஆல்ட் ஆப்ஷனாகவும் ஆகிவிடும். அதாவது இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், மாடிஃபையர் கீஸ் என்று போங்கள். மேலே அந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஷனையும் கமாண்டையும் மாற்றிவிடுங்கள். மேக்புக்கின் சொந்தக் கீபோர்டில் கன்ட்ரோலையும் கமாண்டையும் மாற்றிக்கொள்வோரும் உண்டு. எங்களுக்கு அது உவப்பில்லை. செயலி மாற்றும் கமாண்ட் டேப் அப்போது சுண்டுவிரலுக்குப் போய்விடும்.

மேக்கில் கோப்பைக் கட் செய்ய முடியவில்லை. என்டர் தட்டினால் திறக்கவும் இல்லை. – வாசகர், திருச்சி

கோப்புகளைக் காட்டும் செயலியான மேக்கின் ஃபைண்டரில் கோப்புக்குக் கட் கிடையாது. கமாண்ட் சி அடித்துவிட்டு, போக வேண்டிய ஃபோல்டரில் கமாண்ட் ஆப்ஷன் வி அடியுங்கள், கோப்பு இடம் மாறும். ஆப்ஷனை விட்டுவிட்டால் நகல்தான் விழும். என்டர் அங்கே பெயர் மாற்றும் விசை, விண்டோஸின் எஃப்2 போல. திறக்க கமாண்டோடு கீழ் அம்பு. குப்பைக்கு அனுப்ப கமாண்ட் டெலீட்.

விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பயன்படுத்துகிறேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆங்கிலம் வந்துவிடுகிறது. வைரஸா? – வாசகர், மதுரை

வைரஸ் இல்லை. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தியிருக்கும். விண்டோஸில் அது மொழி மாற்றும் குறுக்குவழி. தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ எழுத்துகளுக்கு ஷிஃப்ட் பிடிக்கிறோம். ஆல்ட் அதன் காலடியிலேயே இருக்கிறது. கை சற்று நழுவினால் போதும். திரையைப் பார்க்காமல் அடிப்பவருக்கு ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஏ கே கே க்யூ’ என்று நிற்கும்.

அதை அணைத்துவிடுவதே நல்லது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்று வரிசையாகப் போங்கள். வரும் சிறு ஜன்னலில் சேஞ்ச் கீ சீக்வன்ஸ் அழுத்தி, இன்புட் லாங்குவேஜ் பகுதியில் நாட் அசைன்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் இருக்கவே இருக்கின்றன. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும் அதே ஜோடிதான், அங்கே அந்த விசைக்கு சூப்பர் என்று பெயர். மேக்கில் கன்ட்ரோல் ஸ்பேஸ்.

தமிழில் இருக்கும்போது காப்பி செய்ய ஆங்கிலத்துக்கு மாறிப் போகிறவர்களைப் பார்க்கிறோம். தேவையே இல்லை. ‘ஒ’ இருக்கும் விசைதான் சி. கன்ட்ரோலோடு அதை அழுத்தினால் விண்டோஸ் காப்பி என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

உபுண்டு டெர்மினலில் கன்ட்ரோல் சி அடித்தேன், ஓடிக்கொண்டிருந்த நிரலே நின்றுவிட்டது. இன்னொரு முறை திரை அப்படியே உறைந்துவிட்டது. – மாணவி, யாழ்ப்பாணம்

காப்பி என்ற பொருள் அந்த விசைக்கு வருவதற்கு முன்பிருந்தே, கட்டளைகளை எழுத்தில் அடித்து இயக்கும் ஜன்னலான டெர்மினலில் கன்ட்ரோல் சி என்றால் ‘நிறுத்து’ என்றுதான் பொருள். அதனால் அங்கே காப்பிக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் சி, பேஸ்ட்டுக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் வி. மேக் டெர்மினலில் இந்தச் சண்டை இல்லை. கமாண்ட் சி காப்பி செய்யும், கன்ட்ரோல் சி நிறுத்தும்.

திரை உறைந்தது, சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் தட்டியதால் இருக்கும். டெலிடைப் என்ற பழைய தட்டச்சுத் தொலைத்தொடர்புக் கருவி காலத்து ‘பொறு’ சைகை அது. கன்ட்ரோல் க்யூ அடித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஜன்னலை மூடிவிடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே ஓடும் வேலையும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவதாகக் காப்பி செய்தால் முதலில் எடுத்தது போய்விடுகிறதே? – வாசகர், சேலம்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசை + வி அழுத்துங்கள். முதல் முறை டர்ன் ஆன் என்று கேட்கும், சம்மதியுங்கள். அதன்பின் கடைசியாக எடுத்த 25 வரை பட்டியலாக நிற்கும். பின் குத்தி வைத்தவை தவிர மற்றவை கணினியை மறுபடி தொடங்கும்போது அழியும். கடவுச்சொல்லைக் காப்பி செய்தால் அதுவும் அந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரியக்கூடும். பொதுக் கணினியில் இதைத் திறந்து வைக்காதீர்கள்.

ஷிஃப்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தால் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்று ஒரு பெட்டி வருகிறது. – வாசகர், வேலூர்

ஐந்து முறை தட்டியிருப்பீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு விசை பிடிக்க முடியாதவர்களுக்கான வசதி அது. நோ கொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, கீபோர்டு போய், ஸ்டிக்கி கீஸுக்கான ஷார்ட்கட்டை மட்டும் அணையுங்கள்.