உதிரிக் காட்சியைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: மரபணுவை வைத்தே ஆளை எடைபோடும் எதிர்காலத்தைக் காட்டும் ஹாலிவுட் படம் 'கட்டாக்கா' (1997), மிகத் துல்லியமான 4கே டிஸ்க்கில் வந்துவிட்டது. என்னிடம் உள்ள பழைய டிவிடியில் கூடுதலாக இருப்பது சில உதிரிக் காட்சிகள்தான். யாருக்காவது கொடுத்துவிடலாமா? 'முயன்றால் முடியும்' என்பதற்கு இதைவிட நல்ல படம் உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். உதிரி என்கிறீர்களே, அதில் ஒன்று இந்தப் படத்துக்காகவே எடுத்து, கடைசியில் வெட்டிவிட்ட பின்னுரை. கருவிலேயே மரபணுவைப் பார்த்துப் பொறுக்கியெடுக்கும் வழக்கம் அன்றே இருந்திருந்தால் யாரெல்லாம் பிறந்திருக்க மாட்டார்கள் என்று பெயர்கள் வரும்: லிங்கன், ஐன்ஸ்டைன், வான்கோ, ரே சார்லஸ், ஹாக்கிங். முடிவில் பார்க்கிற நம்மையும் அதில் சேர்த்துவிடுவார்கள். தியேட்டரில் இதை யாரும் பார்க்கவில்லை. ஓடிடிக்காரர்களோடு எனக்குள்ள பழைய சண்டையே இதுதான். படத்தை மட்டும் ஓடவிட்டு, அதோடு பிறந்ததையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். சுமார் 3.6 கோடி டாலரில் எடுத்து, அமெரிக்காவில் 1.25 கோடிதான் வசூலித்த படம் இது. தியேட்டர் கைவிட்டதை வீடியோவும் டிவிடியும்தான் காப்பாற்றின.

அப்புறம், உங்கள் 'முயன்றால் முடியும்'. இந்தப் படத்தைத் தன்னம்பிக்கை வகுப்பில் போட்டுக் காட்டுகிறவர்களோடு நான் ஓயாமல் மல்லுக்கட்டி வருகிறேன். கதாநாயகன் வின்சென்ட் பிறந்த சில நொடிகளில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து, இதய நோய்க்கு 99 சதவீத வாய்ப்பு, ஆயுள் 30.2 ஆண்டு என்று எழுதிவிடுகிறார்கள். விண்வெளிக்குப் போக ஆசைப்பட்டவன், விண்வெளிக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில் தரை துடைக்கிறான். அவன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உழைப்பு மட்டுமா அவனை ராக்கெட் வரை கொண்டுபோனது? 'உயர்ந்த' மரபணுவோடு பிறந்த ஜெரோம் தன் அடையாளத்தையே அவனுக்குத் தந்து, சோதனைகளில் காட்டத் தன் ரத்தத்தையும் சிறுநீரையும் தினமும் எடுத்துக் கொடுக்கிறான். நிறுவனத்தின் சோதனை மருத்துவர் லமார், ஆள் யாரென்று தெரிந்தே, கடைசிச் சோதனையின் முடிவை மாற்றிவிடுகிறார். அவர் மகனும், மரபணுவைப் பொறுக்கியெடுத்தும், வாக்குக் கொடுத்தபடி 'தேறாத' பிள்ளை. மற்றவர்கள் சட்டத்தை மீறிக் கைகொடுக்காவிட்டால் வின்சென்ட் கடைசிவரை துடைப்பத்தோடுதான் நின்றிருப்பான். தனி ஆளின் வைராக்கியத்தைப் புகழ்ந்துவிட்டு, வாசலை அடைத்தவனைக் கேள்வி கேட்காமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

அந்தக் கதையிலும் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் உண்டு, மதிப்பார்தான் இல்லை. நிஜத்தில் என்ன நடந்தது? பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே என்ற அமெரிக்க ரயில் நிறுவனம், மணிக்கட்டு நரம்பு வலிக்கு இழப்பீடு கேட்ட தொழிலாளிகளின் ரத்தத்தை எடுத்து, அவர்களுக்குச் சொல்லாமலே மரபணுச் சோதனை செய்தது. வழக்குப் போட்ட பிறகு, 2002-ல் 22 லட்சம் டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. 2008 மார்ச்சில் இந்தப் படத்தின் சிறப்புப் பதிப்பு டிவிடியும் ப்ளூ-ரேயும் வந்தன. அதே ஆண்டு மே மாதம் 'ஜினா' (GINA) என்ற அமெரிக்க மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் கையெழுத்தானது. மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கக் கூடாது என்கிறது அது. சரி, ஆயுள் காப்பீடு? அது அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. ஃப்ளோரிடா மாநிலம் 2020-ல் அதற்குத் தனியாகச் சட்டம் போட வேண்டியதாயிற்று. பாலிசி எழுதுகிறவன் மட்டும் 30.2 என்று கணக்குப் போடலாம் என்றால், மீதிச் சட்டம் எதற்கு?

4கே தாராளமாக வாங்குங்கள். ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இஜாக்கின் பொன்மஞ்சள் வெளிச்சத்தை நல்ல பிரதியில்தான் பார்க்க வேண்டும். டிவிடியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.