ஷேன் வில்லியம்ஸ்: வேல்ஸ் ரக்பியின் குள்ள விங்கர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ரக்பி எனக்குப் புதுசு. வேல்ஸில் ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பார்க்கச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: பழைய ஆட்கள் 1970களின் நட்சத்திரம் கேரத் எட்வர்ட்ஸ் என்பார்கள். மறுக்க மாட்டேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு என் சிபாரிசு ஷேன் வில்லியம்ஸ்தான். விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுபவர். எதிரணியின் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் வைத்தால் டிரை, 5 புள்ளி. இது தெரிந்தால் போதும், அவர் ஓட்டத்தை ரசிக்கலாம். வேல்ஸுக்கு 87 ஆட்டங்களில் 58 டிரை போட்டார். அந்த நாட்டின் சாதனை இன்றும் அதுதான்.

கேள்வி: உயரம் வெறும் 5 அடி 7 அங்குலமாமே? அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி?

பதில்: ஆமாம், எடையும் 80 கிலோ அளவுதான். 100 கிலோ ஆள் நேராக வந்து மோதினால் யார் ஜெயிப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் அவர் மோதலுக்கே போகமாட்டார். பந்தோடு வரும்போது அடிகள் சின்னச் சின்னதாக இருக்கும், எந்தக் காலிலிருந்தும் திரும்ப முடியும். தடுக்க வருபவர் தன் எடையை ஒரு காலில் ஊன்றும்வரை ஷேன் காத்திருப்பார். ஊன்றியதும் மறுபக்கம் போய்விடுவார். ரக்பியில் தோளுக்கு மேலே பிடித்தால் தவறு. ஆகவே குள்ளமான ஆளைப் பிடிக்கப் பெரியவர் நன்றாகக் குனிந்தாக வேண்டும். குனிவதற்குள் இவர் தாண்டியிருப்பார். குள்ளமாக இருந்தும் சாதித்தார் என்று எழுதுகிறார்கள். அவர் சாதித்ததில் பாதி குள்ளமாக இருந்ததால்தான் என்பேன்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே நட்சத்திரமா, சார்?

பதில்: எங்கே! பிறந்தது 1977இல், ஸ்வான்சியில். வளர்ந்தது பக்கத்தில் அமன் பள்ளத்தாக்கில், பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. முதலில் ஸ்க்ரம் ஹாஃப், அதாவது மோதும் கூட்டத்திலிருந்து பந்தை எடுத்து வெளியே அனுப்புபவர். விங்கராகப் பெயர் வாங்கியது நீத் கிளப்பில். 2000இல் பிரான்ஸுக்கு எதிராக வேல்ஸ் அணியில் அறிமுகம். அப்புறம் காயங்கள், கூடவே ‘இந்த உடம்பு தாங்காது’ என்ற பேச்சு. அணியிலிருந்து காணாமலே போனார்.

2003 உலகக் கோப்பைக்குக்கூட மூன்றாவது ஸ்க்ரம் ஹாஃப் என்ற கணக்கில்தான் கூட்டிப்போனார்கள். குழுப் பிரிவின் கடைசி ஆட்டம் சிட்னியில், நியூசிலாந்தோடு. முக்கியமான சிலருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பயிற்சியாளர் ஸ்டீவ் ஹான்சன் இவரை விங்கில் இறக்கினார். உதை வாங்கப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாம் பாதியில் வேல்ஸ் முன்னிலைக்கே வந்துவிட்டது! கடைசியில் 37-53 தோல்விதான். ஆனால் ஷேன் ஒரு டிரை போட்டதோடு நியூசிலாந்தின் தடுப்பாட்டத்தை அலைக்கழித்தார். அடுத்து கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்டீபன் ஜோன்ஸ் போட்ட டிரையும் இவர் தொடங்கிய ஓட்டத்திலிருந்து வந்ததுதான். அதன்பின் அவரை வெளியே உட்கார வைக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

கேள்வி: அவருடைய உச்சம் எது?

பதில்: 2008. சந்தேகமே வேண்டாம். ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸில் 6 டிரை. டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக கேரத் தாமஸின் 40 டிரை சாதனையைத் தொட்டார், கார்டிஃபில் பிரான்ஸுக்கு எதிராகத் தாண்டினார். ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்து வேல்ஸுக்கு கிராண்ட் ஸ்லாம். 2005இலும் அதே பட்டம் வாங்கிய அணியில் இருந்தவர் இவர். பிறகு தென்னாப்பிரிக்கா போய் இரண்டு டெஸ்டிலும், அதாவது சர்வதேச ஆட்டத்திலும், டிரை. ஆண்டு முடிவில் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

கேள்வி: குறையே இல்லாதவர் மாதிரி சொல்கிறீர்களே?

பதில்: நியாயமான கேள்வி. உயரப் பந்து வந்தால் எதிரணி இவரைத்தான் குறிவைக்கும். 2009இல் லயன்ஸ், அதாவது பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணி, தென்னாப்பிரிக்காவுக்குப் போன சுற்றுப்பயணத்தில் முதல் இரண்டு டெஸ்டில் தொடக்க அணியில் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவதில், ஜோகன்னஸ்பர்கில், தொடக்கத்திலேயே இறக்கினார்கள். இரண்டு டிரை, 28-9 வெற்றி. தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது என்பதுதான் எரிச்சல்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் விளையாடுகிறான், ஒல்லி. எடையை ஏற்றச் சொல்கிறார் பயிற்சியாளர். ஷேனைக் காட்டி மறுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஷேனும் உடற்பயிற்சியில் உழைத்தவர்தான். முதலில் பாதுகாப்பாகத் தடுக்கக் கற்றுக்கொள்ளட்டும்: தலை சரியான பக்கம், தோள் தாழ்வாக. காலாட்டத்தை அதோடு பழகட்டும்.

கேள்வி: எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: 2011 டிசம்பரில் வேல்ஸுக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம், ஆஸ்திரேலியாவோடு. தோல்விதான், 18-24, ஆனால் கடைசி நொடியில் டிரை போட்டு ஒரு குட்டிக்கரணமும் அடித்தார். அப்புறம் 2012 மே, டப்ளினில் அயர்லாந்து அணியான லெய்ன்ஸ்டருக்கு எதிரான லீக் இறுதி. அவருடைய ஆஸ்ப்ரீஸ் அணி 24-30 பின்தங்கியிருக்கிறது, நேரம் முடியப்போகிறது. மூலையில் ஷேன் டிரை. ஓரத்திலிருந்து சக ஆட்டக்காரர் டான் பிகர் உதைத்த கன்வர்ஷனும் (டிரைக்குப் பிறகான உதை, 2 புள்ளி) உள்ளே போக, 31-30. நேரமில்லையென்றால் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமாவது பாருங்கள்.