‘இந்த ஆண்டு புயல் குறைவு’ என்ற கணிப்பை நம்பி வெள்ளக் காப்பீட்டை நிறுத்தலாமா?

கேள்வி: புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். வீட்டுக் கடன் முழுவதும் அடைந்துவிட்டது. எல் நினோ வருவதால் அடுத்த அட்லாண்டிக் புயல் பருவம் அமைதியாக இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் காப்பீட்டு முகவர், “உங்கள் வீடு அபாய மண்டலத்தில் இல்லை, கடனும் இல்லை. இந்த ஆண்டு வெள்ளக் காப்பீட்டை நிறுத்திவிடுங்கள், புயல் வருவதாகத் தெரிந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்” என்கிறார். பாலிசி மே மாத இறுதியில் முடிகிறது. ஆர்லாண்டோவில் வீடு வாங்கவிருக்கும் என் தங்கைக்கும் இதையே சொல்லலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். தங்கையிடமும் இதைச் சொல்ல வேண்டாம். அவர் நிலைமை சற்று வேறானது என்பதால் அதைக் கடைசியில் தனியாக எழுதுகிறேன்.

முதலில், பருவக் கணிப்பு என்பது எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரே 1984ஆம் ஆண்டு தொடங்கிவைத்த இந்தக் கணிப்பு ஏப்ரலில் வெளியாகிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா மே மாதத்தில் தன் கணிப்பைத் தருகிறது. இரண்டும் அட்லாண்டிக், கரீபியன், மெக்சிகோ வளைகுடா ஆகிய மூன்றையும் சேர்த்து, ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எத்தனை புயல்கள் உருவாகலாம் என்று எண்ணிக்கை சொல்பவை. சராசரி ஆண்டில் பெயர் சூட்டப்படும் புயல்கள் 14. அவற்றில் 7 ‘ஹரிகேன்’ எனப்படும் கடும் சூறாவளி அளவுக்கு வலுக்கும். அந்த ஏழிலும் 3 பெரும் ஹரிகேன்களாகும். இந்த எண்ணிக்கை கூடுமா குறையுமா என்பதுதான் அங்கே கேள்வி. எந்தப் புயல் யார் வீட்டு வாசலுக்கு வரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

எல் நினோ பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வெப்பமடையும்போது, கரீபியன் பகுதியில் உயரத்தில் வீசும் காற்று வலுப்பெறுகிறது. அது கீழே உருவாகிவரும் புயலின் தலையை அடியிலிருந்து பிரித்துத் தள்ளிவிடுவதால் பல புயல்கள் முளையிலேயே சிதைகின்றன. ஆனால் 2023ஆம் ஆண்டு எல் நினோ வலுவாக இருந்தும், அட்லாண்டிக் நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்ததால் 20 புயல்கள் உருவாயின. ஆகஸ்ட் 30 அன்று இடாலியா என்ற ஹரிகேன் புளோரிடாவைத் தாக்கியது. மேலும், பசிபிக்கின் போக்கை வசந்தகாலத்தில் நின்றுகொண்டு கணிப்பதே கடினம். அடுத்த பருவத்தைப் பற்றி ஏப்ரலுக்கு முன்பே உறுதியாகப் பேசுகிறவரின் பேச்சைப் பொழுதுபோக்காகக் கேட்டுக்கொள்ளலாமே தவிர, அதை வைத்துப் பணத்தைப் பற்றிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது.

எண்ணிக்கைக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இரண்டு ஆண்டுகள் போதும். 1992இல் பெயர் பெற்றவை வெறும் 6 புயல்கள். அவற்றில் முதலாவதான ஆண்ட்ரூ ஆகஸ்ட் 24 அன்று மயாமிக்குத் தெற்கே, உச்ச வலிமையான ஐந்தாம் வகை ஹரிகேனாகக் கரையைக் கடந்து, ஊர்களைத் தரைமட்டமாக்கியது. 2010இல் 19 புயல்கள் உருவாகி, 12 ஹரிகேன்களாக வலுத்தன. ஒன்றுகூட ஹரிகேனாக அமெரிக்கக் கரையைத் தொடவில்லை. 1992இல் ஆண்ட்ரூவால் ஹோம்ஸ்டெட் நகரில் வீடிழந்தவரிடம் போய், அது அமைதியான பருவம் என்று யார் சொல்வது? நீண்டகாலச் சராசரிப்படி, புளோரிடாவுக்கு 50 மைல் தொலைவுக்குள் ஓராண்டில் ஹரிகேன் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 56 விழுக்காடு. அமைதியான ஆண்டென்றால் அது குறையும், இல்லாமல் போகாது.

இனி முகவர் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியவற்றில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது “புயல் வருவதாகத் தெரிந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்” என்ற வரிதான். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் புதிய பாலிசி எடுத்தால், அது நடைமுறைக்கு வர 30 நாள் காத்திருக்க வேண்டும். மில்டன் என்ற ஹரிகேன் 2024 அக்டோபர் 5 அன்று பெயர் பெற்று, 9ஆம் தேதி இரவே டாம்பாவுக்குத் தெற்கேயுள்ள சியஸ்டா கீயில் கரையைக் கடந்தது, நான்கே நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு வந்த ஹெலீன் அந்த அவகாசத்தைக்கூடத் தரவில்லை. முப்பது நாள் விதியை அறியாத முகவர் வெள்ளக் காப்பீடு விற்கத் தகுதியற்றவர். அறிந்தே இப்படிச் சொல்லியிருந்தால், அவரிடம் உங்கள் பாலிசி இருக்கவே கூடாது.

“அபாய மண்டலத்தில் இல்லை” என்ற சொல்லும் இதே போன்றதுதான். அரசு வரைபடத்தில் உயர் அபாய மண்டலத்துக்கு வெளியே இருப்பதற்கு, கடன் கொடுப்பவர் காப்பீட்டைக் கட்டாயமாக்கத் தேவையில்லை என்பதே பொருள். அந்த வரைபடங்கள் ஆற்று வெள்ளத்தையும் கடல் ஏற்றத்தையும் கணக்கில் கொள்கின்றன. சாக்கடை தாங்காமல் தெருவில் தேங்கும் கனமழையைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. மில்டனின்போது உங்களுக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழை வரைபடம் பார்த்துப் பெய்யவில்லை. உங்கள் வழக்கமான வீட்டுக் காப்பீடோ, தரையிலிருந்து ஏறிவரும் நீருக்கு ஒரு டாலரும் தராது. ஒரே புயல், ஒரே வீடு, ஒரே இரவு. அதில் காற்றால் ஆன சேதத்துக்கு ஒரு நிறுவனம், நீரால் ஆன சேதத்துக்கு வேறொரு நிறுவனம், இரண்டின் மதிப்பீட்டாளர்களுக்கும் நடுவில் கூரையில்லாத வீட்டுக்காரர். இத்தனை ஆண்டுகளாகியும் இந்தப் பிளவைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, 2025 அக்டோபரில், புயல் பருவம் முடியும் முன்பே, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதியை நீட்டிக்காததால் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் புதிய பாலிசி எதையும் தர முடியாமல் ஆறு வாரங்கள் முடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் பாலிசி இல்லாதவர் விரும்பினாலும் அத்திட்டத்தில் சேர வழியிருக்கவில்லை.

இன்னொரு இழப்பையும் முகவர் சொல்லியிருக்க மாட்டார். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பிரீமியம் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்ற வரம்பு, பாலிசி தொடர்ந்து நடப்பில் இருப்பவர்களுக்கே உதவும். இடையில் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தால் வீட்டின் அபாயத்துக்கேற்ற முழுக் கட்டணத்தையும் முதல் ஆண்டிலேயே கட்ட வேண்டிவரும்.

பணம் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்கிறவர்கள் அடுத்துக் கைவைப்பது ‘டிடக்டிபிள்’, அதாவது இழப்பில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் ஹரிகேன் சேதத்துக்கு இது பெரும்பாலும் விழுக்காட்டில் எழுதப்பட்டிருக்கும். வீடு 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால், 2 விழுக்காடு என்பது 8,000 டாலர். 10 விழுக்காடு என்பது 40,000 டாலர். பிரீமியம் குறைந்த மகிழ்ச்சியில் கையெழுத்திட்டவர்கள் இந்தக் கணக்கைக் கூரை பறந்த பிறகுதான் போடுகிறார்கள். உங்கள் வீட்டுக் காப்பீட்டு பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்து இன்றே பாருங்கள்.

புயலுக்குப் பிறகு கதவைத் தட்டி, “டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் கூரை ஒப்பந்தக்காரரை உள்ளே விடாதீர்கள். புளோரிடாவில் அது சட்டப்படி குற்றம். உங்கள் சார்பில் இழப்பீடு பேசித் தருவதாக வரும் ‘பப்ளிக் அட்ஜஸ்டர்’, அவசரநிலை அறிவிக்கப்பட்ட புயலுக்கு முதல் ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் கேட்கக் கூடாது. ஈரச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

உங்கள் தங்கையின் விஷயம் இதுதான். முப்பது நாள் காத்திருப்புக்கு விலக்கு ஒன்று உண்டு, அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வீட்டுக் கடன் பெறுவதோடு சேர்த்து வெள்ளக் காப்பீடு எடுத்தால், காத்திருப்பு இல்லை. கடன் பத்திரம் முடிவாகும் நேரத்திலிருந்தே பாதுகாப்பு தொடங்கும். ஆனால் விண்ணப்பம் பத்திரம் முடியும் நாளன்றோ அதற்கு முன்போ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வீடு வாங்குவது மட்டுமே போதாது, கடன் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் கையிலிருந்து கொடுத்து வாங்கினால் முப்பது நாள் காத்திருப்பு அப்படியே பொருந்தும். கடன் வாங்கியும், “குடிபோன பிறகு பார்க்கலாம்” என்று விட்டால் விலக்கு போய்விடும். ஏற்கெனவே உள்ள கடனை வேறு வட்டிக்குப் புதுப்பித்தாலும் விலக்கு பொருந்தும், அப்போதும் நாள் கணக்கு இதேதான். ஆகவே, பத்திர நாள் முடிவானதும் அவர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடட்டும். பாலிசியில் தொடக்கத் தேதியாகப் பத்திர நாளே அச்சாகியிருக்கிறதா என்று சாவி வாங்குமுன் பார்க்கட்டும். நீங்கள் உங்கள் புதுப்பிப்புத் தொகையை மே மாத நடுவிலேயே கட்டி, ரசீதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.